பழைய ஹைலக்ஸுக்கு டிஃப் லொக்: கையில் உள்ள காசுக்கு எது சரி?

டிஃப் லொக், அதாவது ஒரு அக்சிலின் இரண்டு சில்லையும் ஒன்றாகச் சுற்றும்படி பூட்டுகிற சாமான், போட வேண்டும் என்று யாராவது கேட்டு வந்தால், எந்தக் கம்பனிச் சாமான் நல்லது என்பதில் நான் கதையைத் தொடங்குவதில்லை. வாகனம் எங்கே புதைகிறது, ஆண்டில் எத்தனை மாதம் புதைகிறது, மிச்ச நாளெல்லாம் எந்த வீதியில் எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று கேட்பேன். இந்த மூன்றுக்கும் ஒழுங்கான பதில் வந்தால் பாதிக் காசு அங்கேயே மிச்சம். பதில் வராவிட்டால் அந்த ஆளுக்கு லொக் தேவையில்லை, நல்ல ரயர்தான் தேவை.

என்னுடையது 1994ஆம் ஆண்டு ரொயோட்டா ஹைலக்ஸ், எல்என்107 டபிள் கப். 2.8 லீற்றர் டீசல், ரேர்போ இல்லை, முன்னாலும் பின்னாலும் பிளேட் ஸ்பிரிங், முன்பக்கமும் முழு அக்சில். வீடு பரந்தனில், வயல் கண்டாவளைப் பக்கம். காலபோக மழைக்கு வயல்பாதை முழுவதும் களி. அறுவடை நேரம் பின்மழை பெய்தால் அந்தக் களிக்குள்ளால் நெல் மூடை ஏற்றி வெளியே வர வேண்டும். இடைக்கிடை மச்சானுக்காக முல்லைத்தீவுக் கரைக்குப் போய் மணலில் நின்று மீன் ஏற்றுவதும் உண்டு. மற்றபடி ஏ9 வீதியில் வவுனியாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஓடுகிற வாகனம்தான். 2020 மார்ச்சிலிருந்து 2025 தொடக்கம் வரை வாகன இறக்குமதி நின்றிருந்த காலத்தில் புது வாகனம் என்ற பேச்சே இல்லை. எங்கள் பக்கத்தில் பழசைத் திருத்தித் திருத்தி ஓடுகிறவர்கள்தான் அதிகம். அவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

வன்னியில் டிஃப் லொக் என்றால் என்ன என்று யாருக்கும் புதிதாக விளக்க வேண்டியதில்லை. மசி பெர்குசன் ஓட்டியவருக்கு வலது குதிக்காலுக்குக் கிட்ட இருக்கிற அந்தப் பெடலைத் தெரியும். ஒரு சில்லு சேற்றில் சுற்றும்போது அதை மிதித்தால் இரண்டு பெரிய சில்லும் ஒன்றாகச் சுற்றி வெளியே வரும். மிதித்தபடி திருப்பப் பார்த்தால் உழவு இயந்திரம் நேரேதான் போகும்.

ஹைலக்ஸில் அந்தப் பெடல் இல்லை. சாதாரண டிஃப் (டிஃபரன்ஷியல், அக்சிலின் நடுவில் இயந்திரத்தின் இழுவையைப் பிரித்துக் கொடுக்கிற பல்லுச் சக்கரத் தொகுதி) இரண்டு சில்லுக்கும் ஒரே அளவு முறுக்கு விசையைத்தான் கொடுக்கும். ஒரு சில்லு வழுக்கலில் நின்று சும்மா சுற்றுவதற்குச் சொற்ப விசை போதும். அப்போது காய்ந்த தரையில் நிற்கிற மற்றச் சில்லுக்கும் அதே சொற்பம்தான் போகும். ஃபோர் வீல் போட்டாலும் கணக்கு மாறாது: முன் அக்சிலில் ஒன்று, பின் அக்சிலில் ஒன்று என்று எதிரெதிர் மூலையில் இரண்டு சில்லு பிடி இழந்தால் வாகனம் நின்றுவிடும். வரம்பைச் சரிவாகக் கடக்கும்போது இதுதான் நடக்கிறது. முன் இடதும் பின் வலதும் தூக்கி நின்று சுற்றும், மற்ற இரண்டும் அசையாது.

காசு கொடுக்க முன்

லொக் இல்லாமலே எவ்வளவு தூரம் போகலாம் என்பதை முதலில் பார்த்துவிடுங்கள். மணலுக்கு ரயர்க் காற்றை 15–18 பிஎஸ்ஐ வரைக்கும், களிக்கு 20 அளவுக்கும் இறக்கிப் பாருங்கள். பாரம் ஏற்றியிருந்தால் அவ்வளவு இறக்கக் கூடாது, ரயர் பக்கவாட்டில் மடிந்து றிம்மிலிருந்து கழன்றுவிடும். தார் வீதிக்கு ஏறியதும் திரும்ப அடிக்க வேண்டும், ஆகவே ஒரு 12 வோல்ட் பம்ப் வாகனத்தில் கிடக்கட்டும். முல்லைத்தீவு மணலில் லொக் வேண்டும் என்று துடிக்கிற பலருக்குக் காற்றை இறக்கினாலே போதும்.

இரண்டாவது ஹண்ட் பிரேக். பழைய ஹைலக்ஸில் அது பின் சில்லு இரண்டிலும்தான் பிடிக்கும். ஒரு பின் சில்லு சுற்றும்போது ஹண்ட் பிரேக்கை மூன்று நான்கு பல்லு இழுத்து, கியரில் மெதுவாக அக்சிலரேட்டர் கொடுத்தால், சுற்றுகிற சில்லுக்கு இப்போது அதிக விசை தேவைப்படும். டிஃப் அதே அளவை மற்றச் சில்லுக்கும் அனுப்பும். சில வேளை அது போதும், வாகனம் ஏறிவிடும். புது ஹைலக்ஸ்களில் கணினி பிரேக்கைப் பிடித்துச் செய்கிற வேலையும் அடிப்படையில் இதுதான். உங்கள் வாகனத்தில் அந்த வசதி இருந்தால் லொக்குக்கு அவசரப்படத் தேவையில்லை.

மூன்றாவது ரயர். வழுவழு என்று தேய்ந்த வீதி ரயரோடு லொக் போட்டால், ஒரு சில்லு சுற்றிய இடத்தில் இரண்டு சில்லு சுற்றும். அவ்வளவுதான் வித்தியாசம். நான்கும் ஒரே அளவில், ஒரே அளவு தேய்மானத்தில் இருக்க வேண்டும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு வரும்.

சந்தையில் என்ன இருக்கிறது

ஆக மலிவானது டிஃப்பை வெல்டிங் அடிப்பது. இரண்டு சில்லையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுகிற, உள்ளே இருக்கிற ஸ்பைடர் கியர்களை ஒட்டிவிட்டால் இரண்டு சில்லும் எப்போதும் ஒன்று. கராஜில் ஒரு பின்னேரத்தில் செய்து தருவார்கள். வீதியில் ஓடுகிற வாகனத்துக்கு இது வேண்டாம். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு ரயர் தரையில் உரஞ்சும், அக்சில் முறுகும், மழை நாளில் வளைவில் பின்பக்கம் விலகும். வயலை விட்டு வெளியே வராத, நம்பர் பிளேட்டே இல்லாத வண்டிக்கு மட்டும் யோசிக்கலாம்.

அடுத்தது எல்எஸ்டி, அதாவது லிமிட்டட் ஸ்லிப் டிஃப். ரொயோட்டாவின் பழைய எல்எஸ்டி கிளச்சுத் தட்டு வகை: தட்டுகள் உரசி இரண்டு சில்லுக்கும் இடையிலான வேக வித்தியாசத்தைக் கட்டுப்படுத்தும், முழுதாகப் பூட்டாது. ஜப்பானிலிருந்து வந்த ஹைலக்ஸ் சேர்ஃப்களின் பின் டிஃப்பில் இது கிடைக்கும். 8 அங்குல டிஃப் என்றால் உங்கள் ஹவுசிங்கில் (டிஃப் உட்காருகிற அக்சில் உறை) அப்படியே ஏறும், அக்சில் வெட்டத் தேவையில்லை. தட்டு நன்றாக இருந்தால் களிக்குப் பாதி மருந்து, மேலே சொன்ன ஹண்ட் பிரேக் வேலையும் சேர்ந்தால் முக்கால் மருந்து. ஆனால் முப்பது ஆண்டு ஓடிய தட்டு நன்றாக இருப்பது அபூர்வம். வாங்க முன் சோதிக்கிற முறையைக் கீழே சொல்கிறேன்.

மூன்றாவது, நான் கூடுதலாகக் கதைக்கப் போவது, லஞ்ச் பொக்ஸ் லொக்கர் என்கிற வகை. லொக்-ரைட், ஒஸி லொக்கர், லொக்கா, ஸ்பார்ட்டன் என்று பல பெயரில் வருகிறது. உங்கள் டிஃப்பின் கூடு, கிறவுண் (பெரிய வளையப் பல்லுச் சக்கரம்), பினியன் (அதைச் சுற்றுகிற சின்னப் பல்லுச் சக்கரம்) எல்லாம் அப்படியே இருக்கும். உள்ளே உள்ள ஸ்பைடர் கியர்களையும் பக்கக் கியர்களையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பல்லு வெட்டிய நான்கு துண்டுகளும் சில ஸ்பிரிங்கும் பின்னும் வைப்பார்கள். சுவிட்ச், வயர், காற்றுக் குழாய் எதுவும் இல்லை. இயந்திரம் இழுக்கும்போது ஒரு சில்லு கிறவுணை விட வேகமாகச் சுற்றலாம், மெதுவாகச் சுற்ற முடியாது. அதன் முழுச் சட்டமும் இவ்வளவுதான். வளைவில் வெளிச்சில்லு வேகமாக ஓட வேண்டும், அப்போது அந்தப் பக்கத்துப் பல்லு விட்டு ‘டக் டக்’ என்று தாண்டும், இழுவை உட்சில்லுக்குப் போகும். நேரே வந்ததும் திரும்பப் பூட்டும்.

விலை, வெளிநாட்டில் ஏறத்தாழ 300–400 அமெரிக்க டொலர். டொலர் 300 ரூபாயை ஒட்டி நிற்கும்போது அது ஒரு லட்சம் ரூபாயை ஒட்டி வரும், அனுப்புகிற செலவும் சுங்கமும் வேறு. கூலி குறைவு, ஏனெனில் கிறவுண்-பினியனைப் புதிதாக அமைக்கத் தேவையில்லை.

குறைகளும் உண்டு, அவற்றை மறைக்கக் கூடாது. பின் அக்சிலில் போட்டால் அது எப்போதும் உங்களோடுதான் இருக்கும். வளைவின் நடுவில் அக்சிலரேட்டரை விட்டுப் பிடித்தால் ‘டங்’ என்று ஒரு அடி கேட்கும், வாகனம் பாதி அடி பக்கவாட்டில் நகர்ந்தது போலவும் இருக்கும். மழை பெய்த தாரில், பாரம் இல்லாத பிக்கப்பில், அது நல்ல விசயம் இல்லை. இரண்டு பின் ரயரும் வேறு வேறு அளவென்றால் நேர் வீதியிலும் ஒரு பக்கம் ஓயாமல் டக்கடித்துத் தேயும். ரயர் பற்றி மேலே சொன்னதன் காரணம் இது. மற்றது, பலம் உங்கள் பழைய கூட்டின் பலம்தான். கூட்டில் வெடிப்பு இருந்தால் லொக்கர் அதைக் காப்பாற்றாது.

நான்காவது, தேவைப்படும்போது மட்டும் பூட்டுகிற வகை. ஏஆர்பியின் காற்று லொக்கர் இதில் பெயர் போனது: சுவிட்சை அழுத்தினால் கொம்பிரசர் காற்றை அனுப்பி உள்ளே பூட்டும், விட்டால் சாதாரண டிஃப். வீதியிலும் சேற்றிலும் குறை சொல்ல முடியாத சாமான். ஆனால் ஒரு அக்சிலுக்கே 1,000 டொலருக்கு மேல், கொம்பிரசர் தனி, பெயரிங்கும் கிறவுண் அமைப்பும் புதிதாகச் செய்ய வேண்டும். இந்தக் கட்டுரைக்கு அது வெளியே. காசு இருக்கிறவர் யோசிக்காமல் அதையே பின்னால் போடட்டும், அந்தக் கொம்பிரசர் ரயருக்குக் காற்றடிக்கவும் உதவும்.

அதே வேலையைச் செய்கிற மலிவு வழி, ரொயோட்டா கம்பனியே போட்ட மின் லொக். 1995க்குப் பிந்திய சேர்ஃப், பிராடோ சிலவற்றின் பின் டிஃப்பில் சின்ன மோட்டர் ஒன்று பொருத்தியிருக்கும், அது ஒரு கவையைத் தள்ளிப் பூட்டும். கொழும்பு பஞ்சிகாவத்தைப் பக்கம் பழைய சாமான் கடைகளில் தேடினால் அகப்படும். பார்த்தவுடன் ஆசை வரும். அங்கேதான் பொறுமை வேண்டும்.

மின் லொக் டிஃப் பார்க்கும்போது

முதல் சிக்கல் ஹவுசிங். மின் லொக் டிஃப் உங்கள் எல்என்107 ஹவுசிங்கில் நேரே ஏறாது. நட் துளைகள் சில இடம் மாறியிருக்கும், வாய்ப்பகுதியில் மோட்டர்ப் பக்கம் கொஞ்சம் அரைக்கவும் வேண்டும். நல்ல லேத்துக்காரர் இருந்தால் செய்யலாம், செய்திருக்கிறார்கள். முழு அக்சிலையும் எடுத்து வருவோம் என்றால், சேர்ஃபுக்குப் பின்னால் கொயில் ஸ்பிரிங், உங்களுக்குப் பிளேட் ஸ்பிரிங். இருக்கைகளை வெட்டிப் புதிதாக வெல்டிங் அடிக்க வேண்டும், பினியன் கோணம் பிழைத்தால் கியர்ப் பக்கத்திலிருந்து டிஃப்புக்கு வருகிற புரொப்பல்லர் சாஃப்ட் அதிரும்.

இரண்டாவது சிக்கல் பெரியது: விகிதம். முன் டிஃப்பும் பின் டிஃப்பும் ஒரே விகிதத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஃபோர் வீல் போட்டவுடன் இரண்டும் ஒன்றையொன்று முறுக்கி, பலவீனமான இடத்தில் உடையும். கடைக்காரர் “எல்லாம் ஒன்றுதான் அண்ணை” என்பார். நீங்கள் பல்லை எண்ணுங்கள். கிறவுண் 41, பினியன் 10 என்றால் 4.10. 43க்கு 10 என்றால் 4.30. 41க்கு 9 என்றால் 4.56. 39க்கு 8 என்றால் 4.88. இவையே 8 அங்குல ரொயோட்டாவில் அடிக்கடி காண்பவை. உங்கள் வாகனத்தில் என்ன இருக்கிறது என்பதை அறிய டிஃப்பைக் கழற்றத் தேவையில்லை. முன் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, ஒரு பின் சில்லை மட்டும் ஜக்கில் தூக்கி, ஸ்ராண்டில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் விட்டு, அந்தச் சில்லைக் கையால் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். புரொப்பல்லர் சாஃப்ட் எத்தனை சுற்றுச் சுற்றியதோ அதுதான் விகிதம். ஒரு சில்லு தரையில் நிற்பதால்தான் இரண்டு சுற்று. 4.10க்கும் 4.30க்கும் வித்தியாசம் சின்னது, சாஃப்டில் சுண்ணாம்புக் கோடு போட்டு, நாலைந்து தரம் சுற்றிப் பாருங்கள்.

கதவுப் பக்கத்திலோ இயந்திர அறையிலோ உள்ள தகட்டிலும் அக்சில் குறியீடு இருக்கும். ஜி என்ற எழுத்தில் தொடங்கினால் 8 அங்குலக் கிறவுண், நடு இலக்கம் இரண்டும் விகிதத்துக்கு, கடைசி இலக்கம் உள்ளே எத்தனை ஸ்பைடர் கியர் என்பதற்கு. லஞ்ச் பொக்ஸ் வாங்குகிறவர் இந்தக் கடைசி இலக்கத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இரண்டு கியர்க் கூட்டுக்குச் செய்தது நான்கு கியர்க் கூட்டுக்குள் போகாது. ஆனால் தகட்டை மட்டும் நம்பிக் காசு அனுப்பாதீர்கள். முப்பது ஆண்டில் நம் நாட்டு வாகனத்துக்குள் எத்தனை டிஃப் மாறியதோ யாருக்குத் தெரியும். திறந்து பார்த்துவிட்டு ஓடர் கொடுங்கள்.

மின் லொக்கின் மோட்டரைக் கடையிலேயே பற்றரி வைத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பாவிக்காமல் கிடந்தால் உள்ளே தண்ணீர் போய்க் கறள் பிடித்து இறுகிவிடும், இதுதான் அதன் பிரசித்தமான வருத்தம். மோட்டரின் வயர்ப் பிளக்கையும், வெட்டாமல், ஒரு முழ வயரோடு சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.

எல்எஸ்டியைச் சோதிப்பது சுலபம். வாகனத்தில் இருந்தால், முன் சில்லுகளுக்கு நன்றாகக் கட்டை வைத்து, பின்பக்கம் இரண்டையும் ஸ்ராண்டில் நிறுத்தி, நியூட்ரலில், ஹண்ட் பிரேக்கை விட்டு ஒரு சில்லைக் கையால் சுற்றுங்கள். மற்றது அதே பக்கம் சுற்றினால் தட்டில் உயிர் இருக்கிறது. எதிர்ப்பக்கம் சுற்றினால் நீங்கள் காசு கொடுப்பது வெறும் சாதாரண டிஃப்புக்கு. கழற்றி வைத்த டிஃப் என்றால் இரண்டு பக்கமும் பழைய அக்சில் துண்டுகளைச் செருகி இதே சோதனையைச் செய்யலாம்.

சரி, எதைப் போடுவது

பொதுவாகச் சொல்வது பின்னால் முதலில் போடு என்பது. ஏற்றத்தில் பாரம் பின்னுக்குச் சாயும், பின் சில்லுகளே அதிகம் தள்ளும். மலையகத்தில் தோட்டப் பாதை ஏறுகிறவருக்கு அது முழுக்கச் சரி. ஆனால் மலையகத்து மழைக்கும் வளைவுக்கும் பின் அக்சிலில் லஞ்ச் பொக்ஸ் நான் சொல்ல மாட்டேன். அங்கே சுவிட்ச் உள்ளது எதுவோ அதற்குக் காசு சேர்ப்பதே நல்லது, அதுவரைக்கும் எல்எஸ்டியோடு சமாளிக்கலாம்.

வன்னி தட்டை நிலம். இங்கே கேள்வி ஏறுவது இல்லை, இழுத்து வெளியே எடுப்பது. எல்என்106, எல்என்107 வைத்திருக்கிறவருக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு: முன் சில்லில் கையால் திருப்புகிற ஹப். அதை ‘ஃபிரீ’யில் விட்டால் வீதியில் ஓடும்போது முன் டிஃப்பும் முன் சாஃப்டும் சுற்றவே சுற்றாது. ஆகவே முன் அக்சிலில் லஞ்ச் பொக்ஸ் போட்டால், ஏ9 வீதியில் அது இருப்பதே தெரியாது. டக் சத்தமும் இல்லை, பின்பக்கம் விலகுவதும் இல்லை, ரயரும் தேயாது. வயலுக்கு இறங்க முன் ஹப்பைத் திருப்பி, ஃபோர் வீல் போட்டால் முன்னிரண்டும் பின்னொன்றுமாக மூன்று சில்லு கட்டாயம் இழுக்கும். சுவிட்ச் உள்ள லொக்கர் தருகிற வீதி ஒழுக்கத்தை, அதன் மூன்றிலொரு பங்குக் காசுக்கு இந்த ஹப் தந்துவிடுகிறது. நான் போட்டிருப்பது இதுதான். ஆண்டில் இரண்டு மூன்று மாதம் மட்டும் சேற்றில் இறங்கி, மிச்ச நாள் வீதியில் உழைக்கிற பழைய ஹைலக்ஸுக்கு இதைவிடப் பொருத்தமான மலிவு வழி எனக்குத் தெரியவில்லை.

இதற்கும் விலை உண்டு. ஃபோர் வீலில் ஸ்ரியரிங் பாரமாகும். அக்சிலரேட்டர் கொடுக்கும்போது முன்பக்கம் நேரே போகத்தான் பார்க்கும், திருப்ப வேண்டிய இடத்தில் காலைக் கொஞ்சம் எடுத்தால் திரும்பும். அதைவிட முக்கியம், முன் அக்சிலின் முனையில், சில்லு திரும்பியபடியே சுற்ற விடுகிற சீவி மூட்டு. ஸ்ரியரிங்கை முழுதாக ஒடித்தபடி, சில்லுக்குப் பிடி உள்ள இடத்தில், காலை அழுத்தினால் அது உடையும். களி வழுக்கிக் கொடுப்பதால் மூட்டுக்கு அவ்வளவு ஆபத்தில்லை. கல்லிலும் காய்ந்த தரையிலும்தான் பயம். புதைந்தால் முதலில் ஸ்ரியரிங்கை நேராக்குங்கள், பிறகு இழுங்கள். ஒடித்தபடி ரிவேர்ஸ் எடுத்து உறுமுவது எல்லாவற்றிலும் கேடு.

என் சித்தப்பா மகனின் எல்என்106 சிங்கிள் கப் வயலுக்கும் ஆலைக்கும் இடையில்தான் ஓடும், நாற்பதைத் தாண்டாது. அந்த வாகனத்துக்குப் பின்னாலேயே லஞ்ச் பொக்ஸ் போடச் சொன்னேன், போட்டாயிற்று. பாரம் பின்னால் இருப்பதால் பிடியும் பின்னால்தான், ஃபோர் வீல் போடாமலே பாதி நாள் சமாளிக்கிறான். பிள்ளைகளோடு யாழ்ப்பாணம் போகிற வாகனமாக இருந்திருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். புது வகை ஹைலக்ஸ், முன்பக்கம் பிரிந்த சஸ்பென்சன், ஹப் கிடையாது என்றால் என் வழி உங்களுக்குப் பொருந்தாது. பின்னால் மின் லொக்கைத் தேடுங்கள்.

பொருத்தும்போது பாஸின் (கராஜ் மெக்கானிக்கின்) பக்கத்தில் நில்லுங்கள்

பின் டிஃப் சுலபம். இரண்டு பக்க அக்சிலையும் இழுத்து, சாஃப்டைக் கழற்றி, நட்டுகளை எடுத்தால் டிஃப் முழுதாக முன்னால் வரும். முன் டிஃப் அப்படி இல்லை. அக்சிலை இழுக்க, முன் சில்லு திரும்புகிற மூட்டான நக்கிள் இரண்டையும் முழுதாகத் திறக்க வேண்டும், கறுப்புக் கிறீஸ் கையெல்லாம் பூசும், கூலியும் இரட்டிப்பு. ஆகவே அந்த வேலைக்குக் காத்திருங்கள்: நக்கிள் ஒயில் சீல் கசிந்து, பெயரிங் மாற்றுகிற காலம் எப்படியும் வரும். அப்போது லொக்கரையும் சேர்த்துப் போட்டால் ஒரே கூலி. சீல் செட்டும் பெயரிங்கும் முன்கூட்டியே வாங்கி வைத்திருங்கள்.

கூட்டைக் கழற்ற முன் பாஸ் இரண்டு காரியம் செய்ய வேண்டும். பெயரிங் மூடிகளில் இடது, வலது என்று அடையாளக் குத்து. சரிசெய்கிற வளையங்கள் இருக்கிற நிலையில் ஒரு கோடு. இன்னும் நல்லது, டயல் கேஜ் வைத்துக் கிறவுணின் பின்னாட்டத்தை (பினியன் பல்லோடு உள்ள சின்ன இடைவெளி ஆட்டம்) அளந்து எழுதி வைப்பது, 8 அங்குல ரொயோட்டாவுக்கு அது 0.13–0.18 மில்லிமீற்றர். திரும்பப் பூட்டிய பிறகு அதே அளவு வந்தால் கிறவுண் பழைய தடத்திலேயே ஓடும், ஊளைச் சத்தம் வராது. டயல் கேஜ் இல்லாமல் “கைக்கணக்கு” என்கிற கராஜ் வேண்டாம்.

பிறகு, ஸ்பைடர் கியர்கள் கோத்திருந்த குறுக்குப் பின்னைப் பாருங்கள். நகத்தால் தடவும்போது பள்ளம் தட்டுப்பட்டால் புதுசு போடுங்கள், லொக்கரின் முழு அடியும் அதில்தான் விழும். லொக்கரின் இரண்டு நடுத் துண்டுகளுக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி இருக்க வேண்டும் என்பது பெட்டியோடு வருகிற தாளில் இருக்கும். அந்த அளவு வராவிட்டால் பூட்டாமல் நிறுத்துங்கள், கூடோ வளையமோ தேய்ந்திருக்கிறது என்று பொருள். ஸ்பிரிங் வைக்கும்போது ஒன்று பறந்து கராஜ் மூலைக்குள் போகும். கீழே ஒரு வெள்ளைச் சாரத்தை விரித்து வையுங்கள்.

எல்லாம் பூட்டி, தரையில் இறக்க முன், அந்த அக்சிலின் இரண்டு சில்லும் தூக்கி நிற்கும்போதே சோதியுங்கள். சாஃப்ட் சுற்றாதபடி கியரில் விட்டு, முன்பக்கம் என்றால் ஹப்பைப் பூட்டி, ஃபோர் வீலும் போட்டு, ஒருவர் ஒரு சில்லை ஒரு பக்கமாக இறுக்கிப் பிடிக்க, மற்றவர் எதிர்ச்சில்லை மறுபக்கம் சுற்ற வேண்டும். டக் டக்கென்று சுற்றினால் சரி. பிறகு பக்கம் மாற்றியும் திசை மாற்றியும் செய்து பாருங்கள். நான்கு முறையிலும் ஒரே மாதிரி வராவிட்டால் திரும்பக் கழற்றத்தான் வேண்டும்.

ஒயில் ஜிஎல்-5, 80டபிள்யூ-90 போதும். லஞ்ச் பொக்ஸுக்கு எல்எஸ்டி ஒயில் தேவையில்லை. கிளச்சுத் தட்டு எல்எஸ்டிக்கு மட்டும் எல்எஸ்டி ஒயில் கட்டாயம், இல்லாவிட்டால் வளைவில் நடுங்கி முனகும். பொருத்திய புதிதில் கொஞ்சத் தூரம் ஓடியதும் ஒயிலை ஒருமுறை மாற்றி, வடிக்கிற நட்டின் நுனியில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். மாவு போல இரும்புத் தூள் வழமையானது. துண்டு வந்தால் வழமையில்லை.

மின் லொக் போட்டவர் நின்ற இடத்தில் அல்லது மிக மெதுவாக ஊர்ந்தபடி சுவிட்சைப் போட வேண்டும். ரொயோட்டாவே 8 கிலோமீற்றர் வேகத்துக்குக் கீழேதான் என்று சொல்கிறது. புதைந்து சில்லு அலறிச் சுற்றும்போது போட்டால் பல்லு பறக்கும். சேறு இல்லாத மாதங்களிலும் மாதம் ஒருக்கால் மணல் ஒழுங்கையில் போட்டு எடுங்கள், மோட்டர் இறுகாது. அதற்கு வயர் கட்டும்போது ரிலேயும் ஃபியூசும் இல்லாமல் நேரே சுவிட்சுக்கு இழுக்க விடாதீர்கள்.

கடைசியாக, ரயர்க் கடைக்காரருக்கும் வாகனத்தை இரவல் வாங்குகிறவருக்கும் ஒன்று சொல்லி வைக்க வேண்டும். பின்னால் லொக்கரோ எல்எஸ்டியோ உள்ள வாகனத்தில் ஒரு பின் சில்லை மட்டும் ஜக்கில் தூக்கிவிட்டு, இயந்திரத்தை ஓட விட்டு, கியர் போட்டுப் பார்க்கக் கூடாது. தரையில் நிற்கிற சில்லு இழுக்கும், வாகனம் ஜக்கிலிருந்து இறங்கி ஓடும். நான் டாஷ்போட்டில் சிவப்புப் பெயின்றால் எழுதியே வைத்திருக்கிறேன்: “லொக் உண்டு. இரண்டையும் தூக்கு.”